டீசலா, பெட்ரோலா?

கீழ்வேளூரில் எனக்குப் பழக்கமான டாக்சிக்காரர் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை. எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் கிலோமீட்டர் சொல்லமாட்டார். எத்தனை லிட்டர் டீசல் என்றுதான் சொல்வார்.

என் நிலத்தை விட்டுப்போக மறுத்த குத்தகைக்காரர் மேல் நான் வழக்குப் போட்டிருந்த சமயம் அது. வாய்தாவுக்கு நாகப்பட்டினம் போக எங்கள் இருவருக்குமே அந்த ஒரு டாக்சிதான். குத்தகைக்காரர் முன் சீட்டில், நான் பின் சீட்டில். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் அலுத்துப்போய், "நானே ஒரு கார் வாங்கிடலாம்னு பாக்குறேன். டீசலா, பெட்ரோலா, எது லாபம்?" என்று டாக்சிக்காரரைக் கேட்டேன்.

"டீசல் வண்டி விலை ஜாஸ்திங்க, ஓட்டுற செலவு கம்மி. நிறைய ஓடினாத்தான் போட்ட காசு திரும்பும். எப்பவாவது எடுக்குறதுன்னா பெட்ரோலே போதும்" என்றவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உங்க கேஸ் இன்னும் எத்தனை வருஷம் ஓடுங்க?"

"அது யாருக்குத் தெரியும்?"

"பத்து வருஷம் ஓடும்னா தைரியமா டீசலே வாங்குங்க."

முன் சீட்டில் குத்தகைக்காரரின் தோள் குலுங்கியது. "என்ன சிரிப்பு?" என்றேன் கோபமாக.

"இல்லைங்க, அப்ப நானும் ஒண்ணு வாங்கணுமே" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அந்த அறுவடைக்குள் ஆளுக்குப் பாதி நிலம் என்று ராஜியாகிவிட்டோம்.

அதில் நஷ்டப்பட்டவர் டாக்சிக்காரர்தான். மாதாமாதம் கிடைத்த கோர்ட் சவாரி போயிற்று. தெரிந்தேதான் அப்படிச் சொன்னாரா, கேட்ட கணக்குக்குப் பதில் மட்டும் சொன்னாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.