மெர்ஜ் ஆனால்தான் மஸ்கட்டிலிருந்து டிக்கெட்

புரோகிராம் எழுதும் தொழிலில் பிரிந்து போக ஒரு நொடி போதும்; திரும்பி வந்து சேரத்தான் ஆயிரத்தெட்டுப் பேரின் சம்மதம் வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல் பட்டவர்களாகத்தான் இருப்பீர்கள். படாத புண்ணியவான்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஒரே புரோகிராமில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் குழம்பிப் போகும். அதனால் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு தனியாக எழுதுவோம். அந்த நகல்தான் பிராஞ்ச். எழுதி முடித்ததைப் பொதுப் புரோகிராமில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மெர்ஜ்.

எங்கள் ஆபீஸ் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருக்கிறது. நானும் என் மனைவி செல்வியும் அங்கேதான் வேலை பார்க்கிறோம். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் கொடுக்கும் புரோகிராமை அவள் எழுதினாள். எழுதியவர் அங்கேயே போய் உட்கார்ந்து முடித்துக் கொடுக்க வேண்டும், மெர்ஜ் ஆன மறுநாள் ஊருக்கு டிக்கெட் என்று ஒப்பந்தம். மூன்று வாரம் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் போனவள், ஐந்து மாதமாக அங்கேயே இருந்தாள்.

சொந்தக்காரர் சட்டம்

யார் எழுதியதானாலும் இன்னொருவர் வரி வரியாகப் படித்து 'சரி' என்று அழுத்தினால்தான் மெர்ஜ் ஆகும். செல்வி எழுதி அனுப்பிய முதல் பகுதியை யாரும் திறந்தே பார்க்கவில்லை. பத்து நாள் பொறுத்தேன். பிறகு நானே படித்தேன். உண்மையிலேயே நன்றாக எழுதியிருந்தாள். சரி என்று அழுத்திவிட்டேன்.

எங்கள் டீம் லீடர் சுடலைமுத்து அண்ணாச்சி அதைப் பத்தே நிமிடத்தில் ரத்து செய்தார். ஒரு குடும்பத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். அது ஆபீஸ் விதிப் புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறதாம். தப்பு இருந்தால் நானே சொல்லியிருக்க மாட்டேனா என்று கேட்டேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டுன பொண்டாட்டி எழுதுனதத் தப்புன்னு சொல்லுத தைரியம் உமக்கு இருக்கா வே?"

உப்பு

மருத்துவமனைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம் போனில் பேசலாம் என்றால், அறையில் கூட இரண்டு பெண்கள். "சாப்பிட்டியளா, மழை உண்டா" என்பதற்கு மேல் பேச்சு நகராது. ஆசையாக ஒரு வார்த்தை கேட்க ஏங்கிப் போனேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஒவ்வொரு முறை புரோகிராமைச் சேமிக்கும்போதும் என்ன மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். செல்வி அதில் ஒரு வழி கண்டுபிடித்தாள். 'டோக்கன் வரிசை திருத்தப்பட்டது. இன்றைக்கும் குழம்பில் உப்பு இல்லை.' 'அச்சுப் பிழை நீக்கப்பட்டது. நேற்று கனவில் நீல சட்டை போட்டிருந்தீர்கள்.' நானும் என் பிராஞ்சில் பதில் எழுதினேன். ஒருநாளும் இல்லாத திருநாளாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தேன். ஆபீஸில் எனக்குச் சுறுசுறுப்பானவன் என்று பெயர் வந்தது.

மருத்துவமனையின் மேலாளர் ஓர் அரபிக்காரர், ரொம்ப ஒழுங்கானவர். குறிப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டு மீட்டிங்குக்கு வந்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் செல்வியிடம் கவலையோடு கேட்டாராம்:

"ஐந்து வாரமாக உப்பு இல்லை என்று எழுதுகிறீர்கள், அது எந்தப் பகுதியில் வர வேண்டும்?"

பதினோரு மணி

மேலாளர் கேட்ட மறுநாளே குறிப்புகளில் வேலையைத் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்று விதி வந்துவிட்டது. அப்புறம் எனக்கு மிஞ்சியது ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் எரியும் ஒரு பச்சைப் புள்ளி. மஸ்கட்டில் அவள் ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இங்கே பதினோரு மணி. புள்ளி எரிந்தால் அவள் சுகமாக வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. ஒருநாள் பதினொன்றேகால் ஆகியும் எரியவில்லை. நான் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில், எங்கள் ஆபீஸ் இண்டர்நெட்தான் அறுந்து கிடந்தது.

பக்கத்து இருக்கையில் டெஸ்டிங் பார்க்கும் ஜெயராணி அன்றைக்கு வாய் திறந்தாள்.

"அண்ணே, பதினோரு மணிக்கு டீ குடிக்கக் கூப்புட்டா நீங்க வரவே மாட்டிய, இன்னைக்காவது வாங்க, அந்த வயரு சரியாகுத வரைக்கும் ஒங்க மூஞ்சிய எங்களால பாக்க முடியல."

நான் ஜெயித்த கதை

ஐந்தாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி ஒருவழியாக மெர்ஜ் செய்யச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை செல்விக்கு விடுமுறை. அவள் மாற்றிய அதே கோப்பில் நானும் வேறு வேலைக்காக மாற்றங்கள் செய்து, அவை ஏற்கெனவே பொதுப் புரோகிராமில் சேர்ந்திருந்தன. இரண்டும் மோதும் இடங்களில், எவர் எழுதியது இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி நாற்பத்தேழு இடம். அவள் வரும்வரை காத்திருக்கலாம்தான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை, நானே உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு இடங்களை நிதானமாகப் பார்த்தேன். பிறகு 'எல்லாவற்றையும் ஒரே பக்கத்திலிருந்து எடு' என்ற பொத்தான் கண்ணில் பட்டது. அழுத்தினேன். சோதனையெல்லாம் தேறிப் பச்சையாக வந்தது. ஏன் வராது? அது எடுத்தது முழுக்க என் பக்கம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய புரோகிராம்தான் அப்படியே உட்கார்ந்திருந்தது. பச்சையை நம்பி அண்ணாச்சியும் அழுத்தினார். மெர்ஜ் ஆனதும் பிராஞ்சை அழித்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அதையும் உடனே நிறைவேற்றினேன். செல்விக்குப் போன் செய்து பெட்டியைக் கட்டச் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் அன்றைக்கே கட்டியும் முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆபீஸ் திறந்தது. அவள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. நல்லவேளை, அவள் லேப்டாப்பில் ஒரு நகல் கிடந்தது. நான் போன் செய்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், அழுது முடித்த குரலில் சொன்னாள்:

"மோதுன எடத்துல எல்லாம் நீங்களே ஜெயிச்சிருக்கிய. வீட்டுல என்னைக்காவது ஒருநாள் ஜெயிச்சிருக்கியளா, அத்தான்?"

சாத்தான்குளம் பஸ்

பிராயச்சித்தமாக அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். அவள் அனுப்பிய நகலைப் பக்கத்தில் வைத்து, மூன்று வாரம் வரி வரியாகச் சேர்த்து, என் பெயரிலிருந்து அனுப்பினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சி, சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் தன் குலதெய்வக் கோயில் கொடைவிழாவுக்குப் போய்விட்டார். விடுப்பில் போகிறவர் லேப்டாப்பை ஆபீஸில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. காவலாளியின் நோட்டில் கையெழுத்துப் போட்டு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேளச் சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிப் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். என்னையும் லேப்டாப்பையும் பார்த்ததும் முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, "மொதல்ல சாப்புடும்" என்று இலை போட வைத்தார். ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து, இந்த முறை பச்சையை நம்பாமல், ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசியில் அழுத்தினார். அழுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"எல்லா வரிக்கும் எழுதுனது நீருன்னு உம்ம பேரத்தான் காட்டுது. சரி, யாரு எழுதுனா என்ன வே, அந்தப் பிள்ள வீடு வந்து சேந்தாச் சரி."

பெட்டி

செல்வி சனிக்கிழமை வந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில், இளைத்துப்போய், அந்த அரபி மேலாளர் கொடுத்த பேரீச்சம்பழப் பெட்டியோடு நின்றாள். பாளையங்கோட்டை வீடு வந்து சேரும்வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது. டோக்கன் புரோகிராம் அருமையாக ஓடுகிறதாம். அடுத்து மருந்தகத்துக்கும் அதே போல் வேண்டுமாம். ஐந்து மாதம் செல்வியைக் கண்ணால் பார்த்தவர்தான்; ஆனாலும் எழுதியவரே வர வேண்டும் என்ற ஒப்பந்தப்படி, பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். எல்லா வரியிலும் என் பெயர். வியாழக்கிழமை விமானம். எழுதியது அவள்தான் என்று மேலாளருக்குத் தெரிவிக்கும்படி அண்ணாச்சியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் திரும்பப் போவது யார் என்று யோசித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் செல்வி, அவள் பெட்டியிலிருந்து அவள் துணிகளை எடுத்துவிட்டு என் துணிகளை அடுக்கினாள். மூன்றே வாரம்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன் என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூணு வாரம்னுதான் எனக்கும் சொன்னாவ. நீங்க ஊறுகா மட்டும் அஞ்சு மாசத்துக்கு எடுத்துக்கிடுங்க, அத்தான்."

உலகத்தின் எந்த மூலையில் யார் எழுதியதையும் ஒரே பொத்தானில் ஒன்று சேர்க்கத் தெரிந்த எங்களுக்கு, கட்டிய இரண்டு பேரை ஒரே வீட்டில் ஒரு வாரம் சேர்த்து வைக்க மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.