பத்து நிமிட நடை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த மானேஜர் துரையின் பேச்சில் ‘ரேஷனலைஸ்’ என்ற சொல் அடிக்கடி வரும். இரண்டு இடத்தில் நடப்பதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஆளைக் குறைப்பது என்று அதற்குப் பொருள். முதலில் அது பிள்ளைக் காம்பராவின் மேல் விழுந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. மேல் டிவிசனில் ஒன்று, கீழ் டிவிசனில் ஒன்று. மேலே உள்ளதை மூடுவதற்குக் காரணங்கள் எழுதித் தரச் சொன்னார். முடிவு முதலில் வந்தது, காரணங்கள் பிறகு.

நான் ஆபீஸ் கிளாக்கர். மூன்று எழுதினேன். மேலே பிள்ளைகள் குறைவு; கூரை ஒழுகுகிறது; மேல் டிவிசன் ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து கீழ்க் காம்பராவுக்குப் பத்து நிமிட நடைதான். கடிகாரம் பார்த்து நானே நடந்து அளந்தேன். மாலை நான்கு மணி, காய்ந்த பாதை, இறக்கம், கையில் குடை மட்டும். துரை மேலோட்டமாகப் படித்துத் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். ‘கடிதம் திருப்தி’ என்று அன்றைய டைரியில் இருக்கிறது.

மூடிய மூன்றாம் வாரம் மழை பிடித்தது. காலை ஆறு மணிக்கு, பேர் பதியும் மேல் டிவிசன் பெரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டும். பிந்தினால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்று வேலை இல்லை. இரண்டு பிள்ளைக்காரி ஒருத்தி மூன்று நாள் தொடர்ந்து பிந்தினாள். மூன்றாம் நாள் நானும் களத்தில் இருந்தேன்.

“நாளைக்கும் பிந்துனா துண்டுதான்,” என்றார் கணக்கப்பிள்ளை. துண்டு வாங்கியவர் தோட்டத்தை விட்டே போக வேண்டும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “பத்து நிமிசம்னு நீங்கதான் எழுதுனீங்களாமே ஐயா. நாளைக்கு எங்கூட நடந்து பாருங்க. பெரியவள நீங்க தூக்கிக்கங்க.”

“ஐயா கோட்டு நனஞ்சிரும்டி,” என்று பின்னால் ஒருத்தி சொல்ல, பெண்கள் சிரித்தார்கள்.

அன்றிரவு டைரியில் எழுதினேன்: மழைக்கு நான் பொறுப்பில்லை. அவள் முன்னதாக எழும்பலாம். முடிவு துரையுடையது. ஒன்றுகூடப் பொய்யில்லை. எழுதி முடித்தும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு லயத்து வாசலில் நின்றேன். அவள் கைக்குழந்தையையும் கூடையையும் எடுத்துக்கொண்டாள். மூன்று வயதுக்காரி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஓடைப் பலகை வழுக்கியது. அதைக் கடக்கவே எனக்கு நாலு நிமிடம். காம்பராவைச் சேர இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. பிள்ளைகளை விட்டதும் அவள் வந்த வழியே ஏறத் தொடங்கினாள். அப்போதுதான் உறைத்தது. பெரட்டு மேலே நடக்கிறது. திரும்பி ஏறும் நடையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

களத்தை அடைந்தபோது ஆறு தாண்டி ஐந்து நிமிடம். கணக்கப்பிள்ளை என் முழங்கால் சேற்றைப் பார்த்தார்.

“ரெண்டு பேருமே பிந்திட்டீங்க ஐயா.” பென்சிலை எடுக்கவில்லை.

“பேரப் போடுங்க. துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு?”

“நான் எழுதுனது தப்புன்னு.”

பென்சிலை எடுத்துப் பேரைப் போட்டார்.

எட்டு மணிக்குப் புதிய கடிதத்துடன் துரையின் மேசை முன் நின்றேன். பழையதையும் எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பத்து நிமிடத்தை யார் அளந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். புதியதில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மேல் காம்பரா ஒழுகும் கூரையோடு திறந்தது. அதன் பிறகு நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் துரை முழுக்க வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.