பின் சீட்டுப் பாட்டுக்காரர்

எங்கள் கிள்ளான் வீட்டில் ஜனவரி முதல் தேதி சாவுக் கதையோடுதான் விடியும். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பாவுக்கு அமெரிக்கக் கண்ட்ரி பாட்டு என்றால் உயிர். சிறைக்குள் போய்க் கைதிகளுக்குப் பாடி அதையே ரெக்கார்டாக வெளியிட்டவர், விமானம் விழுந்து செத்துப்போன பாடகி என்று எல்லாரையும் பங்காளிகள் மாதிரிப் பேசுவார். புத்தாண்டுக்கு மட்டும் ஒருவர்தான். புத்தாண்டுக் கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின் சீட்டிலேயே இறந்துபோன இளம் பாடகர்.

"தூங்குறாருன்னு நெனச்சு டிரைவர் அவன் பாட்டுக்கு ஓட்டியிருக்கான். ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்லா," என்பார் அப்பா. பிறகு அந்தப் பாடகரின் பாட்டைச் சத்தமாக வைப்பார்.

"நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரியா? வெளங்கிடும் வீடு!" அடுப்படியிலிருந்து அம்மா கத்துவார். ஆனால் யாராவது சத்தத்தைக் குறைத்துவிட்டால் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன வருஷம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்குக் கிள்ளானில் இடம் கிடைக்காமல் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். வீங்கிய காலை நீட்டப் பின் சீட்டுத்தான் வசதி. ஒருநாள் நெடுஞ்சாலையில் பயங்கர ஜாம். அந்தப் பாடகரின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், தலை சாய்ந்திருந்தது. தூங்கட்டும் என்று சத்தத்தைக் குறைத்தேன். திட்டு வரவில்லை. பாவம், நல்ல அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் மையத்தின் வாசலில் சக்கர நாற்காலியோடு வந்த பணியாளர் பின் கதவைத் திறந்தார். "அங்கிள்... அங்கிள்..." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, கொஞ்சம் எறங்கி வாங்கண்ணே."

காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்நெஞ்சுக்காரன்," என்று அத்தை ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

இந்தப் புத்தாண்டுக் காலையில் நான் பாட்டுப் போடவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"என்னடா, வீடு இப்படிக் கெடக்கு? அந்த ஒப்பாரியப் போடுலா."

போட்டேன். பக்கத்து வீட்டார் தூங்குவார்களே என்று மெதுவாகத்தான் வைத்தேன்.

"கொறைக்காதடா. ஒங்கப்பாவுக்குக் கோவம் வரும்."

நான் இன்னும் குறைத்தேன். அப்பா திட்டட்டும் என்று அங்கேயே நின்றேன். அம்மாதான் அழ ஆரம்பித்தார்.