எழுத்தாளர் மேஜையில் என் தம்பி

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி நூலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை, அதற்கு மேல் எதையும் நம்பியதில்லை. அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். நடந்தது நடந்ததுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் ஓர் எழுத்தாளர் காலமாகி, அவருடைய புத்தகங்களைக் கல்லூரிக்குத் தர அவர் மனைவி சம்மதித்திருந்தார். பட்டியல் எடுக்க என்னை அனுப்பினார்கள். பம்பாய், ரங்கூன், கப்பல் பயணம் என்று எழுதிக் குவித்தவர் ஆயிற்றே, அலமாரி எப்படி இருக்குமோ என்று ஆசையோடு போனேன். திறந்தால் பாதிக்கு மேல் பழைய ரயில் கால அட்டவணைகள், கப்பல் கம்பெனி விளம்பரத் தாள்கள், கிழிந்த வரைபடங்கள்!

"அவர் எங்கேயும் போனதில்லைம்மா," என்றார் அவர் மனைவி, அந்த வீட்டு மாமி. "காவேரிப் பாலம் தாண்டி டவுன் வரைக்கும் போவார், அவ்வளவுதான். யாராவது வந்து சொல்லுவா, கேட்டுண்டு எழுதுவார்."

சிரித்துக்கொண்டே அவர் எழுதும் மேஜைக்கு வந்தேன். ஒரு நோட்டு திறந்தபடி கிடந்தது, அவர் போனதிலிருந்து யாரும் தொடவில்லையாம். அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

கொள்ளிடக் கரை. ஏழு வயதுப் பையன். அக்காவின் பச்சை ரிப்பன் தண்ணீரில் போகிறது. "எடுத்துட்டு வாடா சூசை" என்று அவள் விரட்டுகிறாள். அவன் இறங்குகிறான்.

சூசை என் தம்பி. அவன் கொள்ளிடத்தில் மூழ்கிப் போய் இருபது வருஷம். அவனாகத்தான் இறங்கினான் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ரிப்பனைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த எழுத்தாளரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பட்டியலை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில் இருந்த அம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு, "இத்தனை வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படிடி தூங்கினே?" என்று கேட்டு என் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் மறுபடி போய், நோட்டைக் காட்டி, "இதை யார் வந்து சொன்னாங்க மாமி?" என்று கேட்டேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுவா, அவர் கடைசியா எழுதினது. அன்னிக்கு யாரும் வரலையே. நான் வாசல்லதான் அரிசியில கல்லு பொறுக்கிண்டு இருந்தேன். திடீர்னு உள்ளேர்ந்து, 'ஒரு துண்டு கொண்டா, குழந்தை நடுங்கறான்'னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அறையில அவர் மட்டும்தான் இருந்தார்."

மாமி கண்ணாடியைக் கழற்றினார்.

"சாயங்காலம் அந்தத் துண்டைத் துவைக்க எடுத்தேன். சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. உதறினா, ஒரு பிடி மணல்."

இன்றைக்கும் ஈரத் துண்டை உதற என்னால் முடிவதில்லை. அப்படியே கொடியில் போட்டுவிடுகிறேன்.