பின்சீட்டுக்கு ஆள் பார்த்த வண்டி

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். யார் உட்கார்வதற்கு என்று தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். நானும் என் நண்பனும் அந்தமானில், போர்ட் பிளேர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். ஹேடோ குவார்ட்டர்ஸில் ஒரே அறை. அவன் ராமநாதபுரத்துக்காரன், நான் திருநெல்வேலி. அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்குப் பின்சீட் கிடையாது, கேரியர் மட்டும்தான். அதன் மேல் கோணியை மடித்துப் போட்டு நாலு வருஷம் உட்கார்ந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டூர் கடற்கரைக்குப் போவோம். ஜல்லி பெயர்ந்த சாலை. எந்த வளைவில் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று எனக்கு மனப்பாடம். "பின்னால ஆள் இருக்குன்னே தெரியலடா மாப்ளே" என்பான். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஒருநாள் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, "கல்யாணம் முடிவாயிடுச்சு" என்றான். அடுத்த வாக்கியமே வண்டியைப் பற்றி: "கேரியர்ல பொண்டாட்டிய உக்கார வைக்க முடியுமா? ரெண்டு பேர் போற மாதிரி ஒண்ணு பாக்கணும்."

நாலு வருஷமாக நாங்கள் எத்தனை பேராகப் போய்க்கொண்டிருந்தோம் என்று கேட்க நினைத்தேன். 

அப்போது தீவில் நினைத்தவுடன் வண்டி வாங்க முடியாது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் வண்டிதான். கப்பல் ஹேடோவில் வந்து கட்டும்வரை விலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கட்டிவிட்டால் இறங்கிவிடுவார்கள். எல்லோரும் அதற்காகக் காத்திருப்போம். இந்த முறை இரண்டு அதிகாரிகளுக்கு மாற்றல், இரண்டு வண்டிகள். அதே கப்பலில்தான் என் நண்பனும் கல்யாணத்துக்குப் போகவேண்டும். பெண்ணை அழைத்து வந்த பிறகு அவளையே உட்கார வைத்துப் பார்த்து வாங்க வழியில்லை.

"நீ உக்காந்து பாரு மாப்ளே. ஒனக்குச் சரின்னா அவளுக்கும் சரி."

முதல் வண்டி கனமான நாலு ஸ்ட்ரோக். சத்தம் கம்பீரமாக இருந்தது. ஆனால் பின்சீட் தனியாக, உயரமாக, தவளைபோல் உட்கார்ந்திருந்தது. ஹேடோ மேட்டில் பாதியில் நின்றபோது, இருவருமாகக் காலூன்றித்தான் அதை விழாமல் பிடித்தோம். இரண்டாவது லேசான வண்டி. எஞ்சினுக்கு இரண்டு புறமும் ஒவ்வொரு சைலன்ஸர், ஒரே நீள சீட். டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது ஒருமுறை, மழை விட்ட ஈரச் சாலையில் ஒருமுறை, மேட்டில் நிறுத்தி எடுத்து ஒருமுறை என்று அவன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பிரிங் அமுங்கும் அளவு, கால் வைக்கும் கம்பியின் உயரம், பிடித்துக்கொள்ளும் வாரின் தையல், எல்லாவற்றையும் பார்த்தேன். விற்ற வங்காளி, "லே லோ பாய், பீவி குஷ் ஹோ ஜாயேகி" என்று என்னையே பார்த்துச் சொன்னார். பெண்டாட்டி சந்தோஷப்படுவாளாம்.

"இதுதான்" என்றேன். என் இடத்தை இன்னொருவருக்கு நானே மெத்தை போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது.

அவன் ஊரில் இருந்த நாட்களில் வண்டி என் பொறுப்பு. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் தினமும் துடைத்து, உதைத்து ஸ்டார்ட் செய்து அணைப்பேன். ஓட்டியதில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அவளோடு வந்து இறங்கினான். அடுத்த வரிசையில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அவள் என் உயரம் இருந்தாள். ஏனோ அதுவும் பிடிக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வண்டூருக்குக் கிளம்பிப் போனார்கள். மதியத்துக்கு முன்பே வண்டிச் சத்தம் திரும்பி வந்தது. அவள் இடது கணுக்காலில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"யாரு இந்த வண்டியப் பாத்து வாங்குனது?" என்றாள்.

அவன் என்னைக் காட்டினான்.

"ஏண்ணே, நீங்க சேலை கட்டிக்கிட்டா உக்காந்து பாத்தீங்க?"

அப்போதுதான் விளங்கியது. இரண்டு பிரம்மச்சாரிகள் சேர்ந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து சோதித்திருக்கிறோம். அவள் ஒருபக்கமாக உட்கார்ந்ததும் இரண்டு கால்களும் இடது சைலன்ஸர் மேல் தொங்கி, கணுக்காலில் சூடு பட்டிருக்கிறது. அந்தக் கனத்த வண்டிக்கு ஒரே சைலன்ஸர், அதுவும் வலது பக்கம். வருத்தம் தெரிவித்தேன். அன்று சோறு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இறங்கியது.

அடுத்த ஞாயிறு அவன் வந்து, "ஏறுடா, வண்டூர் போவோம்" என்றான். ஏறினேன். அந்தச் சீட் எவ்வளவு சுகம் என்று அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. ஆனால் வழி முழுவதும் அவள் பேச்சு. அவளுக்குக் காரல் மீன் பிடிக்காதாம், சங்கரா வேண்டுமாம். புண் காய்ந்துவிட்டதாம். மழை வந்தால் பயப்படுவாளாம். வளைவுகளில் நான் சரியாகத்தான் சாய்ந்தேன். அந்தப் பழைய பாராட்டு மட்டும் வரவில்லை.

வழியை அவளேதான் கண்டுபிடித்தாள். "இடது பக்கம் கால் வைக்க ஒரு இரும்புப் பலகை, சைலன்ஸருக்கு மேல ஒரு தகடு. அவ்வளவுதானே? ஒங்க ஒர்க்ஷாப்புல பத்தவச்சுத் தர மாட்டாங்களா?"

ஒர்க்ஷாப் கப்பல் துறைக்குள் இருந்தது. பாஸ் இல்லாமல் அவள் உள்ளே வரமுடியாது.

"அளவுக்கு ஆள் வேணுமே" என்றான் அவன்.

"அண்ணன் என் உயரம்தானே. அவங்கள ஒருபக்கமா உக்கார வச்சு எடுங்க."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஒர்க்ஷாப் வாசலில், இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். மிஸ்திரி சாக்கட்டியோடு குனிந்தவர் நிமிர்ந்து உள்ளே பார்த்துக் கத்தினார்: "அரே, துல்ஹன் ஆ கயீ!" கல்யாணப் பெண் வந்துவிட்டாள் என்று அத்தனை பேரும் வெளியே ஓடி வந்தார்கள். ஒருவன் எண்ணெய்த் துணியை என் தலையில் முக்காடாகப் போட்டான். என் நண்பன் டாங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பலகை பத்தவைத்து ஆறியதும், "ஒரு ரவுண்டு போய்ப் பாத்துருவோம்" என்றான். ஒருபக்கமாக உட்கார்ந்தால் வாரைப் பிடிக்க வசதியில்லை. முன்னால் இருப்பவன் தோளைத்தான் பிடிக்கவேண்டும். நாலு வருஷத்தில் நான் அவன் தோளைப் பிடித்ததே இல்லை. பிடித்துக்கொண்டேன். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மேட்டில் கியர் மாற்றும்போது தோள் லேசாக இறங்கி ஏறியது. பின்னால் உட்கார்ந்தும் நான் அறியாத ஒன்று அது. அவள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அறிந்திருப்பாள்.

துறைமுகக் கேட்டுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். நான் இறங்கினேன். அவள் ஏறி, ஒரு கையால் சேலையை ஒதுக்கி, மற்றதை அவன் தோளில் பார்க்காமலே வைத்தாள். இரண்டு பாதமும் பலகையில் அச்சாகப் பொருந்தின.

"சரியா இருக்குண்ணே" என்றாள்.

"இன்னும் அரை அங்குலம் இறக்கியிருக்கலாம்" என்றேன்.

அவன் கியரைப் போட்டான். நான் அலுவலகத்துக்கு நடந்தேன்.