எழுந்திருக்கும் பசு

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக்காகக் கண்மாய்க்கரைப் பசு ஒன்றைக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிக்கொண்டிருந்தேன். படுத்திருந்த பசு, முன்னங்கால்களை ஊன்றி எழுகிற காட்சி. மூன்று வார வேலை. மாடு மேய்த்துப் பால் ஊற்றும் கருப்பாயி நின்று பார்த்தாள்.

"குதிரைதான்யா இப்படி எந்திரிக்கும். மாடு பின்பக்கத்தத்தான் மொதல்ல தூக்கும்."

"சீமைப் படங்களப் பார்த்துப் பழகினவன் நான். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கத்திவிட்டேன்.

அவள் சொன்னது பொய்யென்று காட்டவே மறுநாள் விடியலில் கண்மாய்க்குப் போனேன். முதல் பசு முன்முழங்கால்களை மண்ணில் ஊன்றியபடி பின்பக்கத்தைத் தூக்கியது. அடுத்ததும் அப்படியே. கடைசி மாடு எழும்வரை நின்றேன். நான் பார்த்துப் பழகிய சீமைப் படங்களில் இருந்தவை எல்லாம் குதிரைகள்.

திரும்பியதும் காயாத வண்ணத்தைக் கத்தியால் சுரண்டினேன். அதன்பின் தினமும் விடியலில் கண்மாய், பகலில் கித்தான்.

முடித்தபோது செட்டியார், "எதுக்கு இத்தன நாளு எடுத்துக்கிட்டீக? முன்ன மாதிரியேதான இருக்கு?" என்றார்.

நான் கருப்பாயிக்காகக் காத்திருந்தேன். வந்தாள், பார்த்தாள்.

"தள்ளி நில்லுங்கய்யா. எந்திரிக்கப் போகுது."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த விலங்கை வரைந்தாலும், அதை மேய்க்கிறவர் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.