அப்பா சொன்ன துரை கதைகள்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் எங்களோடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக, மூத்த மகள் நான் இதை எழுதுகிறேன்.

அப்பா டெங்கில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தன் மாமாவிடம் வளர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் தட்டுக் கழுவ வேண்டும். அதைப் பற்றி அவர் குறைபட்டு நாங்கள் கேட்டதில்லை. பிறகு கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

கல்யாணமான புதிதில் ஒரு பழைய புத்தகக் கடையில் அப்பா ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினார். பணக்காரச் சீமான் ஒருவரையும் அவருடைய பணியாளையும் பற்றிய வேடிக்கைச் சிறுகதைகள். அட்டை கிழிந்து போயிருந்ததால் எழுதியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வேலை முடிந்து வந்து தேநீர் குடித்ததும் அப்பா ஒரு கதையைத் தமிழில் சொல்வார். அவர் வாயில் சீமான் துரையானார், பணியாள் முத்துவானான், லண்டன் கிள்ளானானது.

அம்மாவுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. கல்யாண விருந்து ஒன்றுக்குப் போகச் சோம்பல்பட்டு, துரை காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார். முத்து அந்தச் செய்தியை அத்தனை மரியாதையோடு ஊரெல்லாம் சொல்ல, எல்லோரும் டுரியான் பழத்தோடு பார்க்க வந்துவிடுவார்கள். "காய்ச்சக்காரங்களுக்கு டுரியான் ஆகாதுங்க தொரை" என்று துரைக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, முத்து கதவோரமாக உட்கார்ந்து ஒவ்வொரு சுளையாகச் சாப்பிடுவான். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அம்மாவிடம், "ஆன்டி, நீங்க பேசிக்கிட்டே இருங்க. பதில் வரலைன்னு விட்டுராதீங்க" என்றார்.

என்ன பேசுவதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கதை சொல்ல ஆரம்பித்தார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அம்மா விடவில்லை. ஒரு நாள் காய்ச்சல் கதை வந்தது.

"எல்லாரும் கூடை கூடையா ரம்புத்தான் பழம் கொண்டு வந்தாங்களாம்" என்றார் அம்மா.

அப்பா தலையைத் திருப்பினார். உதடு கோணியது.

"முத்து அந்த ரம்புத்தானை எடுத்து..."

"டு... டுரி..."

"என்னங்க?"

"டுரியான்" என்றார் அப்பா, கோபமாக.

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லணும்னுதான் மாத்திச் சொன்னேன்."

அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, முழுதாக வரவில்லை. அம்மா பாதி சொல்ல அப்பா மீதியைச் சொல்ல, மாலைகள் திரும்பக் கிடைத்தன. சென்ற ஆண்டு ஒரு காலையில், அம்மா தேநீர் கலக்கப் போன நேரத்தில், அப்பா தூக்கத்திலேயே அடங்கிவிட்டார்.

கருமாதி முடிந்து உறவினர்கள் கிளம்பியதும் நான் அந்தப் புத்தகத்தை எடுத்து அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "போதும்மா" என்றார். "கதை இதேதான். சிரிப்புத்தான் வரலை."

அப்பாவை மருத்துவமனைக்குத் தன் காரில் கொண்டுபோன பக்கத்து வீட்டு மலாய்க்கார அங்கிளுக்கும், பொறுமையாகப் பயிற்சி தந்த அந்தப் பெண்ணுக்கும், கடைசிக் காரியங்களில் கூட நின்ற சித்தப்பாக்கள், அத்தைகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கூடவே ஒரு வேண்டுகோள். அலுவலகத்திலோ கல்யாண வீட்டிலோ அப்பா வாயால் துரை கதை கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர் எப்படிச் சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று நினைவிருந்தால், ஒருமுறை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லுங்கள். மாலையில் வந்தால் நல்லது. அம்மா இன்னும் அந்த நேரத்தில் டிவி போடுவதில்லை.